ஜீப்பைக் கண்டு ஐம்பத்தாறு ஆனவள்

மூக்கம்மாள் தராசை நம்பமாட்டாள். மான்குத்தி ஏலத்தோட்டத்தில் சாயங்காலம் காய் நிறுக்கும்போது மற்றப் பெண்கள் சாக்கைத் தொங்கவிட்டு, கங்காணி சொன்ன எடையைக் கேட்டுக்கொண்டு தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு நடையைக் கட்டுவார்கள். இவள் மட்டும் மடியிலிருந்து ஒரு கருங்கல்லை எடுப்பாள். கம்பத்தில் ஒரு பலசரக்குக் கடையில் நின்று, கடைக்காரர் கண் முன்னாலேயே இரண்டு கிலோ சரியாக நிறுத்து வாங்கிய கல். முதலில் கல்லை மாட்டச் சொல்வாள். முள் இரண்டில் நின்றால்தான் தன் சாக்கைத் தருவாள்.

“கல்லு மழையில நனஞ்சிருக்கும்த்தா” என்பார் கங்காணி அழகுமலை.

“நனஞ்சா கனம் கூடணும்ல? முள்ளு ஏன் ரெண்டுக்குக் கீழ நிக்குது?” என்பாள் இவள்.

அழகுமலை பல்லைக் கடித்துக்கொண்டு தராசைத் தட்டிச் சரிசெய்வார். பின்னால் நிற்கும் அறுபது பெண்களுக்கும் அன்றைக்கு எடை கொஞ்சம் கூடி வரும். அதற்காக யாரும் மூக்கம்மாளுக்கு நன்றி சொன்னதில்லை. வீட்டுக்குப் போக நேரமாகிறதே என்று திட்டத்தான் செய்தார்கள்.

தராசோடு நின்றதா அவள் சந்தேகம்? ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் மாத்திரை கொடுத்தால், “ஒண்ணு நீங்க முழுங்கிக் காட்டுங்க” என்பாள். ரேஷன் கடையில் மண்ணெண்ணெயை முகர்ந்து பார்ப்பாள். புருஷன் பெரியமுத்து கம்பம்மெட்டுக்குப் போய்விட்டு வந்தால், போன வழியையும் வந்த வழியையும் தனித்தனியாகக் கேட்டு ஒத்துப் பார்ப்பாள். பாவம், அந்த மனுஷன் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் பன்னிரண்டு வருஷம் புகை தின்று நெஞ்சு கெட்டு, மாதத்தில் பாதி நாள் படுத்தே கிடப்பவர். அவர் எங்கே வழி மாறிப் போகப்போகிறார்?

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு ஆளுடைய பேச்சை மட்டும் கேட்டுக்கொள்வாள். அது இதே அழகுமலையின் பேச்சு. அவர் அவள் பிறந்த ஊர்க்காரர். பதினெட்டு வயதில் அவளை மலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர். அவள் கல்யாணத்தில் முன்னால் நின்று மொய் எழுதியவர். எடையில் கால் கிலோ அடிப்பது கங்காணி தொழில், அது வேறு. ஊர்க்காரன் வாய்விட்டுச் சொல்லும் ஒரு சேதி வேறு என்று அவள் பிரித்து வைத்திருந்தாள். எங்கேயோ ஒரு இடத்தில் மனுஷி காலை ஊன்ற வேண்டாமா? அவள் ஊன்றிய இடம் அது.

தோட்டத்தில் பண்டு என்று ஒன்று இருந்தது. பிராவிடண்ட் பண்டைத்தான் அப்படிச் சொல்வார்கள். பண்டில் பேர் சேர்ந்துவிட்டால் சம்பளத்தில் நூற்றுக்கு ஆறே கால் ரூபாய் பிடிப்பார்கள். அதே அளவு முதலாளியும் தன் கையிலிருந்து போட்டாக வேண்டும். அதற்குக் குறையக் கூடாது. வயதாகி வேலையை விடும்போது இரண்டும் வட்டியோடு கைக்கு வரும். ஒரு வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை செய்திருந்தால் பேரைச் சேர்த்தே ஆகவேண்டும் என்பது சட்டம். அது தொழிலாளிக்குத் தெரியாது, தோட்டத்து ஆபீசுக்கு நன்றாகத் தெரியும். அதனால் லயத்து ஆட்களுக்கு இருநூற்று முப்பது நாள் ஆனதும் காட்டில் வேலை தீர்ந்துபோகும். “ஊருக்குப் போய் சாமி கும்பிட்டுட்டு வாங்க” என்று அனுப்பிவிடுவார்கள். திரும்பி வந்தால் புதுப் பேராக எழுதுவார்கள். ஆபீசில் இருந்த ஒன்பது பேரும், பங்களாச் சமையற்காரர் உட்பட, பண்டில் இருந்தார்கள். லயத்தில் இருந்த நூற்றிருபது பேரில் ஒருவரும் இல்லை.

இந்தக் கணக்குத்தான் யாரோ ஒரு அதிகாரியின் கண்ணை உறுத்தியிருக்கிறது. எழுபத்தாறாம் வருஷம் ஆடி மழையில் ஒரு ஜீப் வரப்போவதாக ஆபீசுக்குத் தகவல் வந்தது.

முதல் நாள் சாயங்காலம் அழகுமலை லயத்துக்கு வந்தார். குடையை மடக்கவில்லை, உட்காரவில்லை. மூக்கம்மாளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“நாளைக்கு கவுருமெண்டு ஜீப்பு வருது ஆத்தா. பேரு, வயசு, புருசன் பேரு, எத்தனை புள்ளைன்னு எழுதிக்கிருவாங்க. எதுக்குன்னு ஒனக்கே தெரியும்.”

தெரியாமல் என்ன? அந்த வருஷம் நாடு முழுக்கக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பேச்சுத்தான். கம்பத்துப் பக்கம் பஸ்ஸை மறித்து ஆளைக் கொண்டுபோனார்கள் என்று ஒரு பேச்சு. சந்தைக்குப் போனவன் ஆஸ்பத்திரியில் கண் விழித்தான் என்று இன்னொரு பேச்சு. மூக்கம்மாளுக்கு நாற்பது வயது. மூன்று பிள்ளைகள் தங்காமல் போய், நாலாவதாகப் பிறந்த பேச்சி பத்து மாதத்துக் குழந்தை, பால்குடி. இன்னொன்று வேண்டும் என்று பழனிக்குக் காசு முடிந்து வைத்திருந்தாள். பெரியமுத்துவின் நெஞ்சு கத்தியைத் தாங்காது என்பது வேறு.

அவள் அப்போதே கிளம்பி வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். பக்கத்து வீட்டு வேலுத்தாய்தான் முதலில் கதவைத் திறந்தாள். வாய் நிறைய வெற்றிலை, ஐந்து பிள்ளைகள், உலகத்தில் யார் மேலும் சந்தேகம் இல்லாத பெண். “எதுக்கு மதினி ஓடணும்? கேட்டா சொல்லிட்டுப் போவோம்” என்றாள்.

“சொல்லிட்டுப் போறியா? நாளைக்கு ஒன் புருசனைக் கட்டில்ல தூக்கிட்டு வருவாங்க, அப்பச் சொல்லு” என்று மூக்கம்மாள் அவளை உலுக்கி எடுத்தாள். தராசுக்கே கல் வைப்பவள் சொல்கிறாளே என்று லயம் முழுக்க நம்பியது.

மறுநாள் ஜீப் சத்தம் கேட்டதும் பெண்கள் ஏலக்காட்டுக்குள் இறங்கிவிட்டார்கள். ஆள் உயரச் செடி. உள்ளே போனால் பத்தடியில் ஆள் தெரியாது. ஆண்கள் ஓடைப் பக்கம் போனார்கள். மூக்கம்மாள் குழந்தையைப் பெரியமுத்துவிடம் கொடுத்து ஸ்டோர் மச்சுக்கு ஏற்றிவிட்டுத் திரும்புவதற்குள் ஜீப் முற்றத்தில் நின்றுவிட்டது. ஊரையே ஓடச் சொன்னவள் ஒருத்திதான் மாட்டிக்கொண்டாள்.

இறங்கியவர் பேர் ஜப்பார். பாலக்காட்டுக்காரர், கடை வைத்திருக்கும் ராவுத்தர் குடும்பம். வியாபாரம் வேண்டாமென்று பண்டு ஆபீசில் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தவர். கையில் கட்டுக் காகிதம்.

“ஏனுங்கம்மா, உங்க பேரச் சொல்லுங்க.”

“மூக்கம்மா.” பேரை மாற்ற முடியாது, ஆபீஸ் ரைட்டர் பக்கத்தில் நின்றார்.

“வயசுங்க?”

ஒரு நொடிதான் யோசித்தாள். “ஐம்பத்தாறு.”

“வீட்டுக்காரருங்க?”

“செத்துப் போனாரு.” மச்சில் இருந்த மனுஷனை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். உண்மை தெரிந்த ரைட்டர் வானத்தைப் பார்த்துக்கொண்டார்.

“குழந்தைக?”

“ஒண்ணும் கெடையாது.”

அந்த நேரம் பார்த்தா பேச்சி அழவேண்டும்? ஸ்டோர் மச்சிலிருந்து வீல் என்று ஒரு சத்தம். மூக்கம்மாள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டாள். ஆனால் உடம்பு பொய் சொல்லுமா? குழந்தை அழ அழ ரவிக்கை முன்பக்கம் இரண்டு வட்டமாக நனைந்தது. முந்தானையை இழுத்து மூடினாள். ஜப்பார் பார்த்துவிட்டார். பார்த்த கண்ணை உடனே காகிதத்தில் இறக்கிக்கொண்டு, கடைசியில் இருந்த காலி இடத்தில் ஏதோ எழுதினார். ஒன்றரை வரி. எழுதி முடித்துக் கைநாட்டு வாங்கிக்கொண்டு, “பயப்படாதீங்கம்மா” என்றார்.

பயப்படாதே என்று அரசாங்கத்து ஆள் சொன்னால் மூக்கம்மாள் எப்படிப் பயப்படாமல் இருப்பாள்?

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்த ஒன்றரை வரி அவளைத் தின்றது. என்ன எழுதினான்? பொய்க்காரி என்று எழுதினானா? இவளை முதலில் பிடியுங்கள் என்று எழுதினானா? ஆபரேஷன் ஜீப் வரவில்லை. அதற்குப் பதிலாகச் சம்பளத்தில் ஆறே கால் பிடித்தம் வந்தது. பண்டில் சேர்ந்திருப்பதாக ரைட்டர் சொன்னார். எதற்காக என்னை மட்டும் என்று அவள் கேட்டதற்கு, “நின்னவங்க பேரைத்தான் எழுத முடியும், ஓடினவங்க பேரை யார் எழுதுவா?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

எழுபத்தெட்டு ஆவணியில் தோட்டத்து ஆபீசிலிருந்து ஒரு கடிதம் கொடுத்தார்கள். மூக்கம்மாள் அதை மூன்று பேரிடம் வாசிக்கக் கொடுத்தாள். முதலில் கம்பவுண்டர், பிறகு கம்பம்மெட்டு டீக்கடையில் ஒருவர், அதற்குப் பிறகு அவரை வெளியே அனுப்பிவிட்டு அவர் மச்சினன். மூன்று பேரும் ஒன்றையே சொன்னார்கள். பதிவுப்படி ஐம்பத்தெட்டு வயது ஆகிவிட்டது. மாதக் கடைசியோடு வேலை முடிந்தது. லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

நாற்பத்திரண்டு வயதில் அவள் கிழவியானாள். வீடு அவள் பேரில் இருந்தது. பெரியமுத்து மூச்சு வாங்கப் படுத்துக் கிடந்தார். மூன்று வயதுப் பேச்சி கடிதத்தைப் பிடுங்கி விளையாடப் பார்த்தாள். மூக்கம்மாள் அன்றைக்குத்தான் குழந்தை முன்னால் முதல் தடவையாக அழுதாள்.

அழகுமலை ஆறுதல் சொல்ல வந்தார். “போனாப் போகுது விடுத்தா. பண்டுல இருக்கதை வாங்கிக்க. வேற பேருல அன்னாடக் கூலிக்கு நான் போட்டுவிடுறேன். வீட்டையும் நாலு மாசம் பேசித் தள்ளிப் போடுறேன்.”

வேறு பேரில் என்றால் பண்டு கிடையாது, நாள் கணக்கு கிடையாது. அவள் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். இந்த ஆளுக்கு யோசனை இவ்வளவு சீக்கிரமாக எப்படி வந்தது? கல்லை மடியில் கட்டிக்கொண்டு, பேச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுநாள் பஸ் ஏறினாள்.

உடும்பஞ்சோலையில் மாதம் ஒரு நாள் பண்டு இன்ஸ்பெக்டர் வந்து உட்காருவார் என்று கேள்விப்பட்டிருந்தாள். அங்கே உட்கார்ந்திருந்தது அதே ஜப்பார்தான். தலைமுடி கொஞ்சம் குறைந்திருந்தது. அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

மூக்கம்மாளின் வாழ்க்கையில் கஷ்டமான வேலை காய் எடுப்பு கிடையாது, பிள்ளைப் பேறு கிடையாது. அந்த மேஜைக்கு முன்னால் நின்று, அரசாங்கத்து ஆளிடம், “நான் சொன்னது பொய்யிங்க” என்று சொன்னதுதான். புருஷன் உயிரோடு இருப்பதையும் சொன்னாள். இடுப்பில் இருந்தவள் தன் பிள்ளை என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டாள், ஓடுவதாக இருந்தால் எந்தப் பக்கம் என்று.

ஜப்பார் பேச்சியைப் பார்த்தார். “அன்னிக்கு மேல அழுதது இவதானுங்களா?” என்றார்.

மூக்கம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“இன்னிக்கு பைல் கையில இல்லைங்க. அடுத்த மாசம் கொண்டாரேன்.”

அடுத்த மாதம் என்றால் ஏமாற்றுகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அந்த ஒரு மாதமும் லயத்து வீட்டுக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு, யார் தட்டினாலும் திறக்காமல் கிடந்தாள். ஆனால் அவர் கொண்டுவந்தார். அவள் கைநாட்டு வைத்த அதே காகிதம். அதன் கடைசியில் இருந்த ஒன்றரை வரியை விரல் வைத்து வாசித்துக் காட்டினார்.

“வயது ஐம்பத்தாறு என்கிறார். கைக்குழந்தைக்குத் தாய் போலிருக்கிறது. பயத்தில் சொல்கிறார், வயதை மறுபடி விசாரித்த பிறகே ஏற்கவும்.”

“இன்னொருக்கா வாசிங்க” என்றாள்.

வாசித்தார். அவளுக்குக் கண் கலங்கியது. உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டு அவள் நின்ற அன்றைக்கு, எதிரே நின்றவர் அவளையே சந்தேகப்பட்டிருக்கிறார். இப்போது அவள் வீட்டுக்கு அதுதான் தாழ்ப்பாள்.

“தோட்டத்துக்கும் இதோட நகல் கொடுத்திருக்குதுங்க. அவுங்க வேணும்னே கண்ண மூடியிருக்காங்க. நான் எழுதுறேன், உங்களத் திரும்ப எடுத்துத்தான் ஆகோணும்” என்றார் ஜப்பார். “ஆனா ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு எதுக்குங்க எல்லாரும் ஓடினீங்க? ஆபீஸ்ல ஒன்பது பேருக்கும் பண்டு, லயத்துல ஒருத்தருக்கும் இல்லைன்னு பார்த்துட்டுத்தான நானே வந்தேன். ஊருக்கு அனுப்பிப் புதுப் பேரு எழுதறது செல்லாது, நூத்தி இருபது பேரையும் சேக்கலாம்னு வந்தேன். பன்னெண்டு பேருதான் கெடச்சாங்க.”

“பன்னெண்டா? நான் ஒருத்திதான நின்னேன்?”

“ஆபீசுக்குள்ளயே வெச்சு எழுதினது பதினொண்ணுங்க.” காகிதத்தைப் புரட்டினார். “முதல் பேரு அழகுமலை, வயசு நாப்பத்தெட்டு. அடுத்தது அவரு சம்சாரம். மகனுக ரெண்டு, மருமக ரெண்டு…”

மூக்கம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை. மடியில் கல் கனத்தது. எத்தனை வருஷம் தராசுக்குக் கல் வைத்தாள்! வாய் வார்த்தைக்கு வைக்க ஒரு கல் இல்லையே. அவள் நம்பினாள், சரி. தான் நம்பியதை அறுபது வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்தாளே, அதை என்ன செய்வது? ஐந்து பிள்ளைக்காரி வேலுத்தாய், சொல்லிட்டுப் போவோம் மதினி என்றவள், இவள் உலுக்கிய உலுக்கில்தானே காட்டுக்குள் ஓடினாள்!

ஐப்பசியில் அவளை வேலைக்குத் திரும்ப எடுத்தார்கள். ஓடியவர்களைச் சேர்க்க ஜப்பார் மறுபடி வரப்போகிறார் என்று அவளே வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். “உங்களை ஓடச் சொன்னது என் தப்பு. இப்ப ஓடாதீக” என்றாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்கு முன்னாலேயே அழகுமலை லயத்தில் ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டிருந்தார். பண்டில் சேர்ந்த மூக்கம்மாளை வயதைச் சொல்லி வெளியே தள்ளவில்லையா? திரும்ப எடுத்தார்கள் என்றால் சும்மாவா எடுப்பார்கள்? எல்லோரையும் எழுதிக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

வேலுத்தாய்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள். “நெசத்தைச் சொல்லு மதினி. ஒனக்கு என்னா குடுத்தாங்க?”

சந்தேகப்படுவதை இவளிடமிருந்துதானே அவள் கற்றாள்? யாரைப் போய்க் கோபிப்பது?

ஜீப் வந்த காலையில் மழை இல்லை. ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு வந்து நின்ற பெண்கள், சத்தம் கேட்டதும் ஒவ்வொருத்தியாக ஏலக்காட்டுக்குள் இறங்கினார்கள். ஆண்கள் ஓடைப் பக்கம் நழுவினார்கள். அழகுமலை வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டு நின்றார். முற்றத்தில் மேஜை போட்டு, ஜப்பார் காகிதத்தை விரித்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

மூக்கம்மாள் பேச்சியைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்குப் போனாள். டிரைவர் பக்கத்து சீட்டில் குழந்தையை உட்கார வைத்தாள். “ஆத்தா வாரவரைக்கும் எறங்கக் கூடாது” என்றாள். கம்பவுண்டரிடம்கூடக் கொடுக்காத பிள்ளை. விட்ட கை திரும்பத் திரும்பக் குழந்தையிடமே போனது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி, காட்டுக்குள் இறங்கினாள்.

உள்ளே பெண்கள் ஈரத்தரையில் குந்தியிருந்தார்கள். வேலுத்தாய்தான் அவளுடைய வெறும் இடுப்பைப் பார்த்தாள்.

“பேச்சி எங்க?”

“ஜீப்புல.”

“யாரு கூட?”

“கவுருமெண்டு ஆளு கூட. நான் சொல்றது பொய்யின்னா அப்படியே ஏத்திக்கிட்டுப் போகட்டும். நீங்க வாரவரைக்கும் நானும் போயி எடுக்க மாட்டேன்.” சொல்லிவிட்டு அவளும் அங்கேயே குந்தினாள். முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

மேலே முற்றத்தில் ஜீப் ஹாரன் அடித்தது. ஒரு தரம், இரண்டு தரம். பிறகு விடாமல் அடித்தது. கையில் சிக்கியதைப் பேச்சி அமுக்குகிறாள் என்று மூக்கம்மாளுக்குத் தெரியும். இருந்தும் முழங்காலை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அவள் எழுந்திருக்கவில்லை.

வேலுத்தாய்தான் எழுந்தாள். “அடி படுபாவி, பெத்த புள்ளையைக் கொண்டுபோயி…” என்று கத்திக்கொண்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகி மேட்டில் ஓடினாள். அவள் பின்னால் இன்னொருத்தி. அதற்குப் பிறகு செடிகள் வரிசையாக ஆடின.

வேலுத்தாய் போன வேகத்தில் குழந்தையை ஜீப்பிலிருந்து வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. எதிரே ஜப்பார் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்கம்மா, பேரு?”

அவள் திரும்பி, பின்னாலேயே மேடேறி வந்த மூக்கம்மாளைப் பார்த்தாள். மூக்கம்மாள் தலையை ஆட்டினாள்.

“வேலுத்தாய். வயசு முப்பத்தொம்பது. புருசன் இருக்காரு. புள்ளைக அஞ்சு. இது என் புள்ளை இல்ல, இவளோடது.”

பின்னால் வரிசை நீண்டது. அழகுமலையின் வாயில் வேப்பங்குச்சி அப்படியே நின்றது. ஜப்பார் எழுதி முடித்துக் கைநாட்டு மையை நகர்த்தியபோது, மூக்கம்மாள் மேஜையை ஒட்டி வந்து நின்றாள். மடியிலிருந்து கல்லை எடுத்து, காகிதம் காற்றில் பறக்காமல் அதன் மேல் வைத்தாள்.

“என்ன எழுதுனீங்கன்னு வாசிங்க சார்” என்றாள். “கடைசி எடத்துல இருக்கதையும் சேத்து வாசிங்க.”